மாசடைந்த ஆற்றை மீட்க எந்த வழியைத் தேர்வது?

ஆற்று நீரை ஒரு கண்ணாடிப் புட்டியில் காற்றுக்குமிழி சிறிதும் தங்காதவாறு நிரப்பி, மாங்கனீசு சல்பேட்டுக் கரைசலையும் காரம் கலந்த அயோடைடுக் கரைசலையும் சிறிதளவு விட்டு, மூடிக் கவிழ்த்து ஆட்டினால், நீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கும்வரை பழுப்பு நிற வீழ்படிவு திரண்டு மெல்ல அடியில் இறங்கும். ஆக்சிஜன் அறவே இல்லையென்றால் அது வெள்ளையாகவே நின்றுவிடும். ஹங்கேரிய வேதியியலாளர் லாயோஷ் வின்க்லர் 1888இல் வகுத்த இந்தச் சோதனையில் வெள்ளை தென்பட்டால், அந்த இடத்தில் மீன் மூச்சுவிட வழியில்லை என்று பொருள். அப்படியோர் ஆற்றை வைத்துக்கொண்டு, போதிய பணமும் ஆட்களும் இல்லாமல், எங்கிருந்து தொடங்குவது என்று திகைக்கும் நிர்வாகங்கள் உலகெங்கும் இருக்கின்றன. வீடுகளிலிருந்து வெளியேறிய கழிவுநீரில் 42 விழுக்காடு 2022இல் முறையாகச் சுத்திகரிக்கப்படவில்லை என்பது ஐக்கிய நாடுகள் அவையின் மதிப்பீடு.

இந்த நிலையில் ஓர் அரசின் முன்னே இருக்கும் வழிகள் எண்ணற்றவை அல்ல. ஒவ்வொரு குழாய்க்கும் வரம்பு விதித்து, மீறினால் தண்டிக்கலாம். கொட்டுகிற ஒவ்வொரு அலகு மாசுக்கும் கட்டணம் வாங்கலாம். மாசுபடுத்துவோரின் பெயரை ஊரறிய வெளியிடலாம். ஆற்றுக்கு ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்கலாம். பெரும் பொதுப்பணத்தில் சாக்கடைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் கட்டலாம். படிந்த நச்சு வண்டலைத் தோண்டி அள்ளலாம். இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த வழி குழாயின் வாயில் நின்று அளப்பவருக்குச் சம்பளமும், தொடர்ந்து அளப்பதற்கு ஒரு காரணமும் தருகிறது என்று கேட்டால் விடை தெளிவாகிறது. பிற நாடுகள் கடந்து வந்த பாதையைப் பார்த்தபின் நான் வந்தடைந்த முடிவு இது. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் இதே அளவுகோலில்தான் நடக்கிறது.

வரம்பு விதிப்பதுதான் மிகப் பழக்கமான வழி. இதன் வேர் பிரிட்டனில் கழிவுநீர் அகற்றலை ஆராய்ந்த அரச ஆணையம் 1912இல் வெளியிட்ட எட்டாவது அறிக்கையில் இருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு), அதாவது பிஓடி, லிட்டருக்கு 20 மில்லிகிராமையும், மிதக்கும் திடப்பொருள் 30 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது என்று அது சொன்னது. அந்த 20 எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆற்று நீரின் பிஓடி 4ஐத் தாண்டினால் ஆறு கெடத் தொடங்கும் என்று ஆணையம் கண்டிருந்தது. பிஓடி 2 உள்ள தூய ஆற்று நீர் எட்டுப் பங்கும், 20 உள்ள கழிவுநீர் ஒரு பங்கும் கலந்தால், பதினாறும் இருபதும் சேர்ந்து முப்பத்தாறு. அதை ஒன்பதால் வகுத்தால் சரியாக 4. எட்டு மடங்கு நல்ல நீர் ஓடும் என்ற அனுமானத்தின் மேல்தான் அந்த எண் நிற்கிறது. எண்ணைப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன. அனுமானம் வழியில் உதிர்ந்துபோயிற்று. கோடையில் ஆற்று நீரும் கழிவுநீரும் சரிபாதியாக ஓடும் இடத்தில் அதே கணக்கைப் போட்டால் விடை 11 வருகிறது. ஆறே வற்றிக் கழிவுநீர் மட்டும் ஓடும் இடத்தில் 20. ஒவ்வோர் ஆலையும் சட்டத்தை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தும் ஆறு சாக முடியும் என்பதை இந்தச் சிறு கணக்கு காட்டுகிறது. ஆகவே செறிவுக்கு மட்டும் வரம்பு விதிப்பது, நீரோட்டம் குறைந்த ஆறுகளுக்குப் போதாது. ஆறு தாங்கக்கூடிய மொத்தச் சுமை எவ்வளவு என்று கணித்து, அதை வெளியேற்றுவோரிடையே பங்கிட வேண்டும். ஜப்பான் செட்டோ உள்நாட்டுக் கடலுக்கும் டோக்கியோ விரிகுடாவுக்கும் 1970களின் இறுதியிலேயே இந்த மொத்தச் சுமைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது.

வரம்பு முறையின் வலிமையை அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூய நீர்ச் சட்டத்தில் பார்க்கலாம். கிளீவ்லாந்து நகரில் குயஹோகா ஆறு 1969 ஜூனில் தீப்பற்றியது அந்தச் சட்டத்துக்கு உந்துதலாக அமைந்தது. உண்மையில் அதைவிடப் பெரிய தீ 1952இல் அதே ஆற்றில் எரிந்திருந்தது, அப்போது நாடு அசையவில்லை. 1969இல் டைம் இதழ் அச்சிட்ட படமே 1952ஆம் ஆண்டுத் தீயின் படம்தான். அதிபர் நிக்சனின் மறுப்பாணையை மீறி நாடாளுமன்றம் நிறைவேற்றிய அந்தச் சட்டத்தில் என் கவனத்தை ஈர்ப்பது அபராதத் தொகை அல்ல. வேறு இரண்டு ஏற்பாடுகள். இசைவாணை பெற்ற ஒவ்வொருவரும் தம் கழிவுநீரைத் தாமே அளந்து அறிக்கை தர வேண்டும், பொய்யாகத் தந்தால் அது குற்றம். அந்த அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை. வரம்பு மீறப்பட்டால் சாதாரணக் குடிமகனும் நேரே நீதிமன்றம் போகலாம். அதிகாரி அளக்கத் தவறினாலும், அளவு ஏட்டில் ஏறிவிடுகிறது. இத்துடன் நகராட்சிச் சுத்திகரிப்பு நிலையங்களின் கட்டுமானச் செலவில் 75 விழுக்காடு வரை நடுவண் அரசு மானியமாகக் கொடுத்தது. சட்டத்தைப் படியெடுத்த நாடுகள் பலவும் மானியத்தையும் குடிமக்கள் வழக்குரிமையையும் விட்டுவிட்டு வரம்பை மட்டும் எடுத்துக்கொண்டன. பிறகு சட்டம் வேலை செய்யவில்லை என்று வருந்துகின்றன.

கட்டணம் வாங்கும் வழியை நான் சற்று விரிவாகவே பேச விரும்புகிறேன், ஏனெனில் பணமில்லாத நிர்வாகத்துக்கு இதுதான் மிகப் பொருத்தமானது என்பது என் கணிப்பு. நெதர்லாந்து 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு மனிதன் வெளியேற்றும் கழிவை ஓர் அலகாகக் கொண்டு, ஆலைகளிடமும் வீடுகளிடமும் கட்டணம் வசூலித்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டப் பணம் திரட்டுவதே நோக்கம். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் ஏறியபோது, கொட்டுவதைவிடக் குறைப்பது மலிவு என்று ஆலைகளே கண்டுகொண்டன. எல்லாக் குழாயையும் அளக்க ஆள் ஏது என்ற கேள்விக்கும் அங்கே நடைமுறை சார்ந்த விடை கண்டார்கள்: பெரிய ஆலைகளின் கழிவு நேரடியாக அளக்கப்பட்டது, சிறிய நிறுவனங்களுக்கு, அவற்றின் தொழிலையும் நீர்ப் பயன்பாட்டையும் வைத்து ஓர் அட்டவணைப்படி கட்டணம் கணிக்கப்பட்டது.

ஜெர்மனி 1976இல் இயற்றிய கழிவுநீர்க் கட்டணச் சட்டம் 1981இல்தான் வசூலைத் தொடங்கியது. மாசு விளைவிக்கும் தீங்கைக் கணக்கிடும் ஒரு ‘சேத அலகு’க்கு 12 மார்க் என்று தொடங்கி, 1986இல் 40 மார்க் ஆகவும், 1997இல் 70 மார்க் ஆகவும் அது உயர்ந்தது. வசூலுக்கு முன் விடப்பட்ட ஐந்தாண்டு இடைவெளியும், இனி எவ்வளவு உயரும் என்ற முன்னறிவிப்பும் வீண்போகவில்லை. முதல் மார்க் வசூலாகும் முன்பே பல நகராட்சிகளும் ஆலைகளும் சுத்திகரிப்பில் முதலீடு செய்யத் தொடங்கிவிட்டன. வரம்பைக் கடைப்பிடித்தவர்களுக்குக் கட்டணத்தில் பாதி தள்ளுபடியும் கிடைத்தது. ஆக, வரம்பையும் கட்டணத்தையும் எதிரெதிர் வழிகளாகப் பார்ப்பதே தவறு; ஜெர்மனியில் ஒன்று மற்றொன்றைத் தாங்கிப் பிடித்தது.

இவையெல்லாம் செல்வ நாடுகளின் கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாதபடி கொலம்பியாவின் அனுபவம் இருக்கிறது. அந்நாடு 1997இல் கொண்டுவந்த திட்டத்தில், ஒரு படுகையின் மொத்த மாசு குறிக்கப்பட்ட இலக்குக்கு இறங்காவிட்டால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்தப் படுகை முழுவதற்கும் கட்டணம் உயரும். ஆலைகள் குறைத்தன, ஆனால் நகராட்சிச் சாக்கடை நிறுவனங்கள் பல குறைக்கவும் இல்லை, கட்டணம் கட்டவும் இல்லை. அவற்றின் தவறுக்காக ஆலைகளின் கட்டணமும் ஏறியது, நியாயமான முணுமுணுப்பு எழுந்தது. குறைகள் இப்படி இருந்தும் பல இடங்களில் மாசு இறங்கியது ஏன் என்று ஆராய்ந்தவர்கள் கண்ட காரணம் ஆழ்ந்து யோசிக்கத்தக்கது. வசூலாகும் பணம் வட்டாரச் சூழல் அதிகார அமைப்புகளுக்கே போனதால், தங்கள் எல்லைக்குள் யார் யார், எங்கே, எவ்வளவு கொட்டுகிறார்கள் என்ற பட்டியலை அவை முதன்முறையாக முழுமையாகத் தயாரித்தன. விலைப்பட்டியல் அனுப்ப வேண்டுமானால் குழாயை எண்ணித்தானே ஆக வேண்டும்! ஆலைக்கு ஏற்பட்ட தூண்டுதலைவிட, ஒழுங்குபடுத்தும் அமைப்புக்கு ஏற்பட்ட தூண்டுதலே அங்கே பெரிய மாற்றத்தைச் செய்தது.

கட்டணம் எதற்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதரசம், காட்மியம், பிசிபி என்ற தொழிற்சாலை வேதிப்பொருள் போன்று உடலிலும் வண்டலிலும் தங்கிச் சேரும் நஞ்சுகளைக் கொட்டும் உரிமையை விலை வைத்து விற்கக் கூடாது. அவற்றுக்குத் தடை ஒன்றே வழி. ஜப்பானின் மினமாட்டாவில் சிசோ ஆலையின் கழிவில் இருந்த மெத்தில் பாதரசம் மீன் வழியாக மக்களின் நரம்பு மண்டலத்தைச் சிதைத்தது. நோய் 1956இல் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது. ஆலைக் கழிவே காரணம் என்று ஜப்பானிய அரசு ஏற்றுக்கொண்டது 1968இல். இடையில் கடந்த பன்னிரண்டு ஆண்டுகளுக்கு எந்தக் கட்டண அட்டவணையும் ஈடு செய்யாது.

பெயரை வெளியிடும் வழிக்கு இந்தோனேசியாவின் புரோப்பர் திட்டம் நல்ல சான்று. 1995இல் 187 ஆலைகளை மதிப்பிட்டு, தங்கம், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என ஐந்து நிறங்களில் ஒன்றை ஒவ்வொன்றுக்கும் வழங்கினார்கள். நீலம் என்றால் சட்டத்தைக் கடைப்பிடிக்கிறது. சிவப்பும் கறுப்பும் அதற்குக் கீழே. முதல் மதிப்பீட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆலைகள் கீழ்நிலையில் இருந்தன. பெயரை அச்சிடுமுன் திருந்த அவகாசம் கொடுத்ததும், பல ஆலைகள் விரைந்து மேலேறின. செலவு குறைவு, எழுத்தறிவு குறைந்தவருக்கும் நிறம் புரியும். ஆனால் 1990களின் இறுதியில் ஆசிய நிதி நெருக்கடி வந்தபோது திட்டம் நின்றுபோய், 2002இல்தான் மீண்டும் தொடங்கியது. தனக்கென வருவாய் இல்லாத கண்காணிப்பு நெருக்கடிக் காலத்தில் முதலில் வெட்டுப்படும். ஆகவே இதைத் துணை வழியாக வைத்துக்கொள்ளலாம், தனியே இதன்மேல் சாய முடியாது.

ஆற்றுக்கு ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்குவதில் சீனா அளவுக்கு யாரும் போனதில்லை. 2007இல் தாய்ஹு ஏரியில் நீலப்பச்சைப் பாசி பெருகி, வூஷி நகரில் ஏறத்தாழ 20 லட்சம் பேருக்குக் குழாய் நீர் பயன்படாமல் போனபின், அந்நகரம் ஒவ்வொரு நீர்வழிக்கும் ஒரு தலைமை அதிகாரியை ‘ஆற்றுத் தலைவர்’ என்று நியமித்தது. 2016 முதல் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. அதிகாரியின் பதவி உயர்வு ஆற்றின் நிலையோடு கட்டப்பட்டதால் வேலை வேகமாக நடந்தது. ஆனால் அளவைகளை ஆராய்ந்தபோது, கரைந்த ஆக்சிஜன் உயர்ந்து, கறுத்து நாறிய கால்வாய்கள் தெளிந்த அளவுக்கு, கண்ணுக்குத் தெரியாத ஆழமான மாசுகள் குறையவில்லை என்று தெரிந்தது. மேலிருந்து வருபவர் பார்ப்பதும் முகர்வதும்தான் முதலில் சரியாகும். இதற்காக அந்த அதிகாரிகளைக் குறை சொல்வதற்கில்லை, எந்த அளவை மதிப்பெண்ணில் சேர்க்கிறோமோ அந்த அளவுதான் திருந்தும்.

நீதிமன்றம் பொறுப்பை ஏற்கும் வழியும் இதன் நெருங்கிய உறவுதான். அர்ஜென்டினாவின் உச்ச நீதிமன்றம் 2008 ஜூலையில், புவெனஸ் ஐரிஸ் வழியே ஓடும் மட்டன்சா ரியாசுவேலோ ஆற்றைத் தூய்மைப்படுத்துமாறு ஆணையிட்டு, காலக்கெடு தவறினால் படுகை அமைப்பின் தலைவரே தன் பையிலிருந்து தினந்தோறும் அபராதம் கட்ட வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. தூங்கிக்கிடந்த அமைப்புகளை அது எழுப்பியது. ஆனால் ஆணையால் சாக்கடைக் குழாய் தானாக முளைப்பதில்லை, அந்த ஆறு இன்னமும் நீண்ட தூரம் போக வேண்டியிருக்கிறது.

ஆறு பல நாடுகளின் ஊடே ஓடினால் கட்டாயப்படுத்த யாருமில்லை. ரைன் ஆற்றின் பன்னாட்டு ஆணையம் 1950இல் தோன்றியது, அதற்குத் தண்டிக்கும் அதிகாரம் கிடையாது. பிரான்சின் அல்சாஸ் பொட்டாஷ் சுரங்கங்களின் உப்பு நெதர்லாந்து வரை போய்த் தோட்டப்பயிர்களைக் கெடுத்த சிக்கலில், உப்பைக் குறைக்கும் செலவை பிரான்சும் ஜெர்மனியும் தலா 30 விழுக்காடும், நெதர்லாந்து 34 விழுக்காடும், சுவிட்சர்லாந்து 6 விழுக்காடும் ஏற்பதாக 1976இல் ஒப்பந்தமாயிற்று. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியைத் தலைகீழாக்கி, பாதிக்கப்பட்ட நாடே அதிகம் கட்டியது. நியாயம் என்று இதைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஆனாலும் கீழ்ப்படுகை நாடு இப்படி இறங்கிவராவிட்டால் பேச்சு நகர்ந்திராது என்பதையும் மறுக்க முடியவில்லை. 1986 நவம்பர் முதல் தேதி சுவிட்சர்லாந்தின் பாசலுக்கு அருகே சாண்டோஸ் வேதிப்பொருள் நிறுவனத்தின் கிடங்கு எரிந்து, தீயணைத்த நீர் டன் கணக்கில் பூச்சிக்கொல்லிகளை அடித்துக்கொண்டு ஆற்றில் இறங்கியது. ஆறு சிவந்தது, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு விலாங்கு மீன்கள் மடிந்தன. மறு ஆண்டே வந்த செயல்திட்டத்தின் இலக்கு பொதுமக்களுக்குப் புரியும் மொழியில் இருந்தது: 2000ஆம் ஆண்டுக்குள் சால்மன் மீன் ரைனுக்குத் திரும்ப வேண்டும். அதற்குத் துணையாக எல்லைகளில் அளவை நிலையங்கள் இரவு பகலாக இயங்கின. எந்த நாட்டு எல்லைக்குள் மாசு நுழைந்தது என்பது மணிக்கணக்கில் தெரிந்துவிடும்போது, தண்டனை அதிகாரம் இல்லாத ஆணையமும் வலிமை பெறுகிறது.

பெரும் பொதுப்பணிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையமும் இல்லாமல் எந்த நகரத்து ஆறும் மீண்டதில்லை. சிங்கப்பூர் 1977இல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு வைத்ததும், பன்றிப் பண்ணைகளையும் நடைபாதைக் கடைகளையும் சரக்குப் படகுகளையும் ஆற்றங்கரையிலிருந்து அகற்றி, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேறிடம் கொடுத்து, 1987இல் வேலையை முடித்தது. அங்கே நிலமும் வீட்டுவசதியும் ஒரே அரசின் கையில் இருந்தன என்பதை மறந்துவிட்டு அதை முன்மாதிரியாகக் காட்டுவது சரியல்ல. இந்தியாவில் 1986இல் தொடங்கிய கங்கைச் செயல்திட்டத்தில் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. மின்சாரம் நின்றபோதும், வீட்டுச் சாக்கடை அவற்றோடு இணைக்கப்படாதபோதும் அவை வெறும் கட்டடங்களாக நின்றன. கட்டுவதற்கான பணத்தோடு, இருபது ஆண்டு ஓட்டுவதற்கான பணத்துக்கும் வழி சொல்லாத திட்டத்தை ஏற்கவே கூடாது.

வண்டலைத் தோண்டி அள்ளுவது கடைசி வழி, மிகவும் விலை கூடிய வழி. மினமாட்டா விரிகுடாவில் 1977 முதல் 1990 வரை 15 லட்சம் கன மீட்டர் பாதரச வண்டல் அள்ளப்பட்டு, 58 ஹெக்டேர் நிலமாக மூடப்பட்டது; செலவு 4,850 கோடி யென். மினமாட்டாவில் நேர்ந்த சேதத்தையும் தடுத்திருந்தால் ஆகியிருக்கும் செலவையும் ஜப்பானியர்கள் பின்னர் கணக்கிட்டபோது, சேதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,260 கோடி யென் என்றும், தடுப்புச் செலவு ஆண்டுக்கு ஏறத்தாழ 12 கோடி யென் மட்டுமே என்றும் வந்தது. நூறு மடங்கு. அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றில் 1947 முதல் 1977 வரை இறங்கிய பிசிபியை, 2009 முதல் 2015 வரை சுமார் 21 லட்சம் கன மீட்டர் வண்டலோடு அள்ளினார்கள். அதன் பிறகும் அங்கே பிடிக்கும் மீனை உண்பது குறித்த எச்சரிக்கை நீங்கவில்லை. குழாய் திறந்திருக்கும்போதே தூர்வாரத் தொடங்குவது, படம் எடுத்து வெளியிட உதவும், ஆற்றுக்கு உதவாது.

இவற்றையெல்லாம் எடைபோட்டு, பணம் குறைந்த ஒரு நிர்வாகத்துக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். முதல் ஆண்டில் எதையும் கட்டாமல், குழாய்களை எண்ணி, ஆற்றின் வறண்ட மாத நீரோட்டத்தை வைத்து மொத்தச் சுமையைக் கணிக்க வேண்டும். நிலைத்து நிற்கும் நஞ்சுகளுக்கு உடனே தடை. மற்றவற்றுக்கு முன்கூட்டி அறிவித்து ஏறிச்செல்லும் கட்டணம், அதன் வருவாயில் ஒரு பங்கு சட்டத்தாலேயே அளவைப் பணிக்கு ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும், நகராட்சிக்கும் விலக்கு கூடாது. அளவைகள் அனைத்தும் மாதந்தோறும் வெளியாக வேண்டும், அவற்றை வைத்து வழக்குத் தொடரக் குடிமக்களுக்கு உரிமை வேண்டும். வரும் பணத்தில் சாக்கடை இணைப்புகளைப் புதிய நிலையங்களுக்கு முன்னதாகச் செய்ய வேண்டும்.

வயலிலிருந்து வரும் மாசு மட்டும் இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காது, ஏனெனில் அதற்குக் குழாயே இல்லை. அமெரிக்கச் சட்டம் பெரும்பாலான வயல் வடிநீரை விட்டுவிட்டதன் விலையாக, 2014 ஆகஸ்டில் ஈரி ஏரியின் பாசி நஞ்சினால் டொலீடோ நகர மக்கள் லட்சக்கணக்கானோர் குழாய் நீரைத் தொட முடியாமல் தவித்தார்கள். டென்மார்க் 1987 முதல் வேறு வழி கண்டது: வயலை விட்டு வெளியேறுவதை அளக்க முடியாவிட்டால், உள்ளே போவதை அளக்கலாம். ஒவ்வொரு பண்ணையும் வாங்கிய உரத்துக்கும் இட்ட எருவுக்கும் கணக்குக் காட்ட வேண்டும், நைட்ரஜனுக்கு உச்சவரம்பு உண்டு. பதினைந்து ஆண்டுகளில் வேர்ப்பகுதியிலிருந்து கசியும் நைட்ரஜன் ஏறத்தாழப் பாதியானது. உரம் விற்கும் இடத்தில் ஏற்கெனவே ரசீது இருப்பதால் இதற்குப் புதிய கருவிகள் தேவையில்லை. இந்தக் கணக்கை ஆலைகளின் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும். இன்று மண்ணில் இறங்கும் நைட்ரேட், நிலத்தடி நீர் வழியாக ஆற்றை வந்தடையப் பல இடங்களில் பல பத்தாண்டுகள் ஆகின்றன.